அம்பு ஸ்டிக்கர் ஒட்டிய செருப்பு

நான் நர்ஸ் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல வருஷமாகச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது.

வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. பெயர் வேண்டாம். தினமும் மாதனூரில் பஸ் ஏறுகிறேன். பக்கத்தில் யாராவது ஒரு அம்மா உட்காருவார். கழுத்தில் தொங்கும் கார்டைப் பார்ப்பார்.

"ஆஸ்பத்திரியா?"

"ஆமா."

"நர்ஸாம்மா?"

"இல்ல."

"ரத்தம் எடுக்கறதா?"

"இல்ல."

"மருந்து குடுக்கறதா?"

"இல்லம்மா. செருப்பு செய்றேன்."

அதோடு பேச்சு நின்றுவிடும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். சிலர் மட்டும் விடமாட்டார்கள். "ஆஸ்பத்திரியில இன்னாத்துக்கு செருப்பு?" என்பார்கள். சர்க்கரை வியாதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நரம்புக்கு வருவதற்குள் பள்ளிகொண்டா வந்துவிடும். இறங்கிப் போய்விடுவார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். என் நாத்தனார் கேட்டாள்: "கம்பெனியில இருந்தப்பவும் செருப்பு. ஆஸ்பத்திரிக்குப் போயும் செருப்பா? இதுக்கா ஒரு வருஷம் படிச்சே?"

பதில் சொன்னாலும் அடுத்த விசேஷத்தில் திரும்பக் கேட்பாள்.

பத்தாவது இரண்டாம் தடவை எழுதித்தான் தேறினேன். பிறகு ஷூ கம்பெனி. தையல் லைன். ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பது வேலை. ஆஸ்பத்திரியில் கால் செருப்புப் பிரிவுக்கு ஆள் எடுத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள், தோல் வேலை தெரிந்தவர்கள் வரலாம் என்று சர்ச்சில் ஒருவர் சொன்னார். போனேன். எலும்பின் பெயர், நரம்பின் பெயர், புண்ணின் வகை எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. அழவில்லை. மனப்பாடம் செய்தேன்.

எங்கள் வராந்தாவில் இப்படிப் பெயர் தெரியாத வேலைக்காரர்கள் நிறையப் பேர். மாவுக்கட்டு போடுகிறவர். செயற்கைக் கால் செய்கிறவர். காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கிற பெண். நாங்கள் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. எங்களுக்கென்று ஜனங்களிடம் ஒரு வார்த்தை இல்லை. மாவுக்கட்டு போடுகிறவரை, கையிலிருந்த வெள்ளை மாவைப் பார்த்து, ஒரு பெரியவர் "பெயிண்டரு" என்று கூப்பிட்டார். அவரும் திரும்பிப் பார்த்தார். பழகிப் போய்விட்டது.

என் வேலை இதுதான். சர்க்கரை வியாதி முற்றினால் சிலருக்குப் பாதத்தில் உணர்ச்சி போய்விடும். ஆணி குத்தினாலும் தெரியாது. செருப்பு கடித்தாலும் தெரியாது. நடக்க நடக்க ஒரே இடத்தில் பாரம் விழுந்து புண்ணாகும். வலி இல்லாததால் அந்தப் புண்ணின் மேலேயே நடப்பார்கள். அது எலும்புக்கு இறங்கினால் விரல் போகும், கால் போகும். அவர்களுக்குக் காலை அளந்து செருப்பு செய்ய வேண்டும். உள்ளே மெத்தென்ற ரப்பர். பின்னால் ஒட்டிப் பிரிக்கிற வார். ஆணி கூடாது. புண் இருந்த இடத்தில் பாரம் விழாமல் ரப்பரில் பள்ளம். அவ்வளவுதான்.

கேட்க சுலபமாக இருக்கும். காலை அளக்க விடவேண்டுமே.

காகிதத்தை வைத்து அதன்மேல் காலை வைக்கச் சொல்வேன். நான் தரையில் உட்கார்ந்து பென்சிலால் சுற்றி வரைவேன். குதிகாலைத் தாண்டுவதற்குள் "ஐயோ, நீ ஏம்மா என் காலைத் தொடற" என்று காலை இழுத்துக்கொள்வார்கள். குனிந்து என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். மரியாதை சரி. கோடு கோணிக்கொண்டு எங்கோ போய்விடும். வேறு காகிதம் எடுக்க வேண்டும். "இது வேலைம்மா, பாவம் ஒண்ணும் இல்ல" என்று சொல்வேன். தலையாட்டிவிட்டுத் திரும்ப இழுப்பார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஷூ கம்பெனிக்காரர்களைத்தான் பொறுக்க முடியாது.

கலவையிலிருந்து ஒரு விவசாயி வருவார். செருப்பைக் கொடுத்தால் போட்டுக்கொண்டு போவார். நாட்றம்பள்ளியிலிருந்து வருகிற டீக்கடைக்காரர் அப்படித்தான். ஆம்பூர்க்காரர்கள் அப்படி இல்லை. செருப்பைக் கையில் வாங்கியதும் காலில் போடமாட்டார்கள். தலைகீழாகத் திருப்புவார்கள். அடியைப் பார்ப்பார்கள். வளைத்துப் பார்ப்பார்கள். தையலை நகத்தால் கீறிப் பார்ப்பார்கள். உதட்டைப் பிதுக்குவார்கள். பாதி ஊர் ஷூ செய்கிறது. மருந்து கொடுத்தால் எந்த நோயாளியும் மாத்திரையின் ஓரம் சரியில்லை என்று சொல்வதில்லை. செருப்பு கொடுத்தால் எல்லாரும் மேஸ்திரி.

அதில் ஒருவர்தான் மாஸ்டர்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் மாஸ்டர். ஆர்டர் கொடுக்க வருகிற வெளிநாட்டு பையருக்குக் காட்டும் முதல் ஜோடியைச் செய்கிறவர். வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் புண். அதில் பாரம் விழாமல் இருக்க மாவுக்கட்டை மாற்றி மாற்றிப் போட்டு, மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்து, ஆறியிருந்தது. கட்டு பிரித்த அன்று டாக்டரம்மா என்னையும் அறைக்குள் கூப்பிட்டார். மாஸ்டரின் மனைவி கருப்பு புர்காவில் பக்கத்தில் நின்றார்.

டாக்டரம்மா சொன்னார்: "இனிமே செருப்புதான் உங்களுக்கு மருந்து. அதே எடத்துல திரும்பப் புண்ணு வந்தா எலும்புக்குப் போயிடும். அப்புறம் விரலோட நிக்குமா, கால எடுக்கணுமான்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

மாஸ்டர் மேசைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், நீங்க போட்ருக்கறது எங்க மாடலு. ரெண்டு வருஷம் முன்னாடி ஓடிச்சு."

மனைவி அவர் கையைக் கிள்ளினார்.

என் அறைக்கு வந்தார்கள். உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்று நைலான் நரம்பால் தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணை மூடச் சொன்னேன். தொட்டால் "ஆ" சொல்லச் சொன்னேன்.

"ஆ," என்றார்.

"இன்னும் தொடல மாஸ்டர்."

"தொட்ட மாதிரி இருந்துச்சு."

"தொடல."

திரும்ப ஆரம்பித்தேன். கட்டைவிரலுக்கு அடியில் நைலான் வளைகிற அளவுக்கு அழுத்தினேன். பேசாமல் இருந்தார். எடுத்துவிட்டேன். "ஆ," என்றார்.

மனைவி சிரித்துவிட்டார். "வீட்லயும் இப்டித்தாம்மா. கேக்கறதுக்கு முன்னாடியே ஆமா சொல்லிடுவாரு."

பிறகு மைத்தாளில் ஒரு அடி வைக்கச் சொன்னேன். பாரம் அதிகம் விழுகிற இடம் கருப்பாகப் பதியும். கட்டைவிரலுக்கு அடியில் கரி பூசியது போல இருந்தது. அதைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. குதியிலிருந்து விரல் வரை சாண் போட்டு அளந்தார்.

"கரெக்ட் எட்டாம் நம்பரு. அகலம் ஸ்டாண்டர்டு. இந்த மாதிரி காலு ஆயிரத்துல ஒண்ணு தங்கச்சி. எங்க கம்பெனி சாம்பிள் எல்லாம் இந்தக் காலுல போட்டுத்தான் ஓகே ஆவும்."

"அப்படின்னா?"

"நான் போட்டு நடந்து பாப்பேன். எங்கயாச்சும் கடிச்சா, டைட்டா இருந்தா சொல்லுவேன். பேட்டர்ன மாத்துவாங்க. நான் ஓகே சொன்னாதான் பையருக்குப் போவும்."

நைலான் நரம்பு இன்னும் என் கையில் இருந்தது.

"கடைசியா எப்ப டைட்டுன்னு சொன்னீங்க?"

யோசித்தார். "இப்பல்லாம் எதுவும் கடிக்கிறதே இல்ல. நம்ம செட்டிங் அவ்ளோ சுத்தம்."

எத்தனை நாட்டில் எத்தனை பேர் கால் கடித்துக்கொண்டு நடக்கிறார்களோ. அது என் வேலை இல்லை. அளவை எழுதிக்கொண்டேன்.

அடுத்த வாரம் செருப்பு தயார். மாஸ்டர் வாங்கினார். திருப்பினார். வளைத்தார். நகத்தால் கீறினார். முகம் கசந்துவிட்டது.

"இன்னா தங்கச்சி இது? சோப்பு டப்பாவுக்கு வாரு வெச்ச மாதிரி இருக்கு."

"போட்டு நடங்க."

"நீ கம்பெனியில இருந்தவன்னு சொன்னாங்களே."

"இருந்தேன். நடங்க மாஸ்டர்."

நடந்தார். பாரம் சரியாக விழுந்தது. வெளியே எங்கே போனாலும் இதுதான், வீட்டுக்குள்ளும் இதுதான், தினமும் சாயங்காலம் பாதத்தைப் பார்க்க வேண்டும், ஒரு கால் இன்னொன்றைவிடச் சூடாக இருந்தால் உடனே வரவேண்டும் என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஆமா என்றார். மனைவி மட்டும்தான் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "இத போட்டா காலு நிக்குமாம்மா?"

"போட்டா நிக்கும் அக்கா."

மாஸ்டர் செக்கப்புக்கு வந்தபோது செருப்பைக் காலில் போட்டு வரவில்லை. பிளாஸ்டிக் பையில் கொண்டு வந்தார். மேசைமேல் எடுத்து வைத்தார். செருப்பு முழுக்கச் சின்னச் சின்னச் சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது.

கம்பெனியில் செக்கிங் செய்கிறவர்கள் அந்த ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். தையல் பிசகிய இடம், பசை வழிந்த இடம், தோலில் தழும்பு, எதுவானாலும் அம்பு அதைக் காட்டும். அம்பு ஒட்டினால் அந்த ஜோடி லைனுக்குத் திரும்பும். நான் தையல் லைனில் இருந்தபோது அந்த அம்பு வந்தால் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அதைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

"இது இன்னா மாஸ்டர்?"

"ரீவர்க். அம்பு இருக்கற எடத்தையெல்லாம் சரி பண்ணிக் குடு. இந்த வாரு ஒசரம், அந்த வாரு கம்மி. ஓரத்துக்கு ஃபினிஷிங்கே இல்ல. இங்க பாரு, பசை."

"காலு எப்படி இருக்கு?"

"காலு ஓகே. செருப்புதான் ரிஜெக்ட்."

செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அடி தேயவே இல்லை. மண்கூட ஒட்டவில்லை.

"நீங்க இத போடவே இல்ல."

"வீட்ல போடறேன்."

மனைவி கூரையைப் பார்த்தார்.

"கம்பெனிக்கு எதப் போட்டுப் போறீங்க?"

மாஸ்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீயே சொல்லு தங்கச்சி. இத்தாலியில இருந்து பையர் வர்றான். சாம்பிள் ரூமுக்கு வர்றான். ஷூ வெச்சிருக்கற மேசையப் பாக்கறதுக்கு முன்னாடி அவன் நம்ம காலத்தான் பாப்பான். சாம்பிள் மாஸ்டரு காலுல சோப்பு டப்பா இருந்தா ஆர்டர் குடுப்பானா? ஓனரு இன்னா நெனைப்பாரு?"

"காலே இல்லன்னா இன்னா நெனைப்பாரு?"

"அப்டி சொல்லாதம்மா," என்றார் மனைவி.

சொல்லக்கூடாதுதான். மெதுவாகச் சொல்லிப் பார்த்தாகிவிட்டதே. வாரை நேராக்கிக் கொடுத்தேன். ஓரத்தைத் தேய்த்துக் கொடுத்தேன். பசையைச் சுரண்டினேன். ஒவ்வொரு அம்பாகப் பிய்த்துக் குப்பையில் போட்டேன். செய்தால் போடுவார் என்று நினைத்தேன். வரிசையில் இன்னும் எத்தனையோ பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காலெல்லாம் காத்திருக்க, நான் ஒருவருக்கு ஃபினிஷிங் செய்துகொண்டிருந்தேன்.

அடுத்த தடவை மாஸ்டர் சிரித்துக்கொண்டே வந்தார். காலில் கருப்பு ஷூ. தோல் ஷூ, லேஸ் வைத்தது. கழற்றி என் கையில் கொடுத்தார்.

"பாரு. நீ சொன்னது எல்லாம் இருக்கு. ஆணி கெடையாது. முன்பக்கம் அகலம். உள்ள துருத்தற தையல் கெடையாது. நானே கட்பண்ணி, நானே அச்சுல ஏத்தினது. பிரவுன்ல ஒரு ஜோடியும் செஞ்சிட்டேன். பெல்ட்டுக்கு மேட்ச்."

பொய் சொல்லமாட்டேன். அந்த மாதிரித் தையலை நான் லைனில் இருந்த காலத்தில் பார்த்ததில்லை. கையை உள்ளே விட்டேன். ஆணி இல்லை. மடிப்பு இல்லை. விரல் நுனி வரை தடவினேன். கட்டைவிரலுக்கு அடியில் வந்ததும் கை நின்றது. அட்டை மாதிரி இருந்தது.

"நான் குடுத்த ரப்பர் எங்க?"

"அதேதான் போட்ருக்கேன். உன் செருப்புல இருந்து எடுத்து ரெண்டு ஜோடிக்கும் போட்டேன்."

"ஒண்ண ரெண்டு ஜோடிக்கா?"

"சீவினேன். மொத்தமா இருந்துச்சு. அப்டியே வெச்சா ஷூ மேல தூக்கும். ஷூ மாதிரியா இருக்கும்? பன்னு மாதிரி இருக்கும்."

தோல் வேலையில் எல்லாரும் செய்வது அதுதான். மொத்தமாக, தடிப்பாக இருப்பதைச் சீவ வேண்டும். ஓரம் மெல்லிசாக இருந்தால்தான் வேலை சுத்தம். எனக்கும் முதலில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கை தானாகச் சீவும். என் கையை அதிலிருந்து விடுவிக்க மாதக்கணக்கில் ஆயிற்று.

"மாஸ்டர், அந்த மொத்தம்தான் மருந்து. அத சீவிட்டு மீதிய வெச்சிருக்கீங்க."

"கொஞ்சம்தான் சீவினேன்."

"மாத்திரைய சுரண்டிட்டு அட்டைய முழுங்குவீங்களா?"

"நீ ஜாஸ்தி பேசற தங்கச்சி."

பேசினேன். டாக்டரம்மாவும் பேசினார். புண் இருந்த இடம் சிவந்திருந்தது. இன்னும் திறக்கவில்லை. புறங்கையை வைத்துப் பார்த்தேன். இடது காலைவிட வலது கால் சூடு. ஒரு வாரம் நடக்கவே கூடாது, ஷூவைத் தொடக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். மாஸ்டர் எல்லாவற்றுக்கும் ஆமா என்றார். நான் புது ரப்பர் போட்டு அதே சோப்பு டப்பாவைத் திரும்பக் கொடுத்தேன். காலில் போட்டுத்தான் வெளியே போனார். வராந்தா திரும்பும்வரை பார்த்தேன்.

வீட்டில் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். "நீ செஞ்சு குடுத்துட்டே. போடறதும் போடாததும் அவங்க இஷ்டம்," என்றார். நாத்தனாரும் அன்று வந்திருந்தாள். "செருப்புக்குப் போயி இன்னாத்துக்கு அவ்ளோ டென்ஷனு?" என்றாள். சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அந்த வாரம் முடிந்து சில நாள் கழித்து மாஸ்டரின் மனைவி தனியாக வந்தார். ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். காய்கறிப் பையிலிருந்து கருப்பு ஷூவை எடுத்தார்.

"இத வெட்டிப் போடும்மா."

"இன்னாக்கா?"

"உன் செருப்ப வீட்ல இருந்து போட்டுக்கினு போறாரு. கம்பெனி கேட்டாண்ட போயி வண்டி பொட்டியில இருந்து ஷூவ எடுத்து மாட்டிக்கறாரு. என் தம்பி பாத்துட்டுச் சொன்னான். இன்னிக்கு பொட்டியில பிரவுன வெச்சிக்கினு போயிட்டாரு. அதான் கருப்ப எடுத்துக்கினு வந்துட்டேன். நான் வெட்டினா வீட்ல பேஜாரு. ஆஸ்பத்திரியில வெட்டிட்டாங்கன்னு சொல்லிடுவேன்."

எனக்குக் கோபத்தில் சிரிப்பு வந்தது. பிரவுனை யார் வெட்டுவது? கத்தியை எடுத்தேன். வெட்டுவதற்கு முன்னால் கையை உள்ளே விட்டேன். அது பழக்கம். எந்தச் செருப்பானாலும் முதலில் கை உள்ளே போகும்.

கட்டைவிரலுக்கு அடியில் பிசுபிசுத்தது.

கையை எடுத்து முகர்ந்தேன். கத்தியை வைத்துவிட்டு உள்ளே ஒட்டியிருந்த ரப்பரைப் பிய்த்து எடுத்தேன். பழுப்பாக ஒரு கறை. ஓரம் காய்ந்திருந்தது. நடுவில் ஈரம்.

"அக்கா, தினமும் காலைப் பாக்கறீங்களா?"

"காட்ட மாட்டேன்றாரு. நல்லாத்தான் இருக்குன்றாரு. சாக்ஸ அவரே தோச்சிக்கறாரு." சொல்லிவிட்டுக் கறையைப் பார்த்தார். புரிந்துவிட்டது. பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

அக்காவின் போனிலிருந்து கூப்பிட்டேன். மாஸ்டர் எடுத்தார். பின்னால் மிஷின் சத்தம்.

"மாஸ்டர், ஆஸ்பத்திரியில இருந்து பேசறேன். உடனே வாங்க."

"தங்கச்சி, ரூம்ல பையர் இருக்கான். நாளைக்கு வர்றேன்."

"உங்க ஷூவுல சீழ் இருக்கு."

"எந்த ஷூவுல?"

"கருப்புல."

மிஷின் சத்தம் குறைந்தது. ரூமைவிட்டு வெளியே வந்திருப்பார்.

"அது எப்படி உன்கிட்ட வந்துச்சு?"

"மாஸ்டர்! சீழ் இருக்குன்னு சொல்றேன்!"

"வலிக்கவே இல்லியே."

"வலிக்காது மாஸ்டர்! அதான் வியாதியே! வலிச்சா நீங்க இன்னாத்துக்கு என்கிட்ட வர்றீங்க?"

வராந்தாவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை. மாவுக்கட்டு போடுகிறவர் கை முழுக்க மாவோடு வாசலில் வந்து நின்றார்.

"சாயங்காலம் பையர் போயிடுவான்," என்றார் மாஸ்டர். "போனதும் கெளம்பி வர்றேன்."

மனைவி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். உருதுவில் பேசினார். நீளமாகப் பேசவில்லை. எனக்கு முழுக்கப் புரியவில்லை. பிள்ளைகளின் பெயர் வந்தது. பையர் என்ற வார்த்தையும் வந்தது. அதைச் சொல்லும்போது பல்லைக் கடித்தார்.

மாஸ்டர் கம்பெனி வேனில் வந்தார். பிரவுன் ஷூவோடு இறங்கி நடந்தே வந்தார். நடக்காதீர்கள் என்று கத்திக்கொண்டே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். உட்கார வைத்து லேஸை அவிழ்த்தேன். சாக்ஸ் ஒட்டிக்கொண்டு வந்தது. மாஸ்டர் குனிந்து தன் பாதத்தைப் பார்க்க முயன்றார். வளைய முடியவில்லை. அவருக்குத் தெரிந்தது கழற்றிய ஷூ மட்டும்தான்.

"நடக்கும்போது ஒண்ணுமே தெரியலியே தங்கச்சி," என்றார். அப்போதுதான் முதல் தடவையாக அவர் குரலில் பயம் கேட்டது.

டாக்டரம்மா பார்த்தார். புண்ணுக்குள் கம்பியை விட்டுப் பார்த்தார். எலும்பில் தட்டியது. அன்றே அட்மிஷன்.

ஒரு வாரம் எந்தப் பக்கம் போகும் என்று தெரியவில்லை. சிவப்பு கணுக்காலுக்கு மேல் ஏறினால் முழங்காலுக்குக் கீழே எடுப்பார்கள். பேனாவால் சிவப்பின் ஓரத்தில் கோடு போட்டு வைத்திருந்தார்கள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் வார்டுக்குப் போவேன். அது என் வேலை இல்லை. என் வேலை செருப்பு. போய்க் கோட்டைப் பார்ப்பேன். மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் தஸ்பீஹ் மணியை உருட்டிப் பிரார்த்தித்துக்கொண்டிருப்பார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். தூங்கவில்லை என்று தெரியும். வார்டு நர்ஸ் ஒருத்தி, "அக்கா, நீங்க சொந்தமா?" என்று கேட்டாள்.

"செருப்பு," என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

அந்தக் கோட்டைச் சிவப்பு தாண்டவில்லை. கட்டைவிரலையும் அதற்குப் பின்னால் இருந்த எலும்பையும் எடுத்தார்கள். கால் நின்றது.

தையல் பிரித்து, காயம் மூடி, அவர் திரும்ப என் அறைக்கு வர ரொம்ப நாள் ஆயிற்று. இளைத்திருந்தார். மனைவி அவர் முழங்கையைப் பிடித்திருந்தார். காகிதத்தைத் தரையில் விரித்தேன். மாஸ்டர் காலை வைத்தார். பென்சிலால் குதியிலிருந்து ஆரம்பித்தேன். சுண்டுவிரல், அடுத்தது, அடுத்தது. கட்டைவிரல் இருந்த இடத்தில் கோடு சரிந்து உள்ளே திரும்பியது. அவர் காலை இழுக்கவில்லை.

எடுத்துக் காட்டினேன். இந்தத் தடவை சாண் போடவில்லை. வெகுநேரம் பார்த்தார்.

"இது எந்த சைசும் இல்ல," என்றார். "இதுக்கு எந்தக் கம்பெனியிலயும் அச்சு கெடைக்காது."

"அச்சு வேணாம் மாஸ்டர். காலு இருக்கு."

மனைவி சொன்னார், கம்பெனியில் அவரை வேலையைவிட்டு அனுப்பவில்லை, உட்கார்ந்தபடியே பேட்டர்ன் வெட்டச் சொல்லியிருக்கிறார்கள், போட்டு நடந்து பார்க்க வேறு ஒரு ஆளை வைத்துவிட்டார்கள் என்று. அந்த ஆள் முதல் நாளே எல்லா ஜோடியும் கடிக்கிறது என்று சொல்லிவிட்டானாம். மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இந்தத் தடவை செருப்பு இன்னும் மொத்தம். விரல் இல்லாத இடத்தை மெத்தென்ற ரப்பர் வைத்து நிரப்பினேன். அடியைக் கொஞ்சம் வளைத்து, உருண்டு போகிற மாதிரி செய்தேன். பார்க்க முன்னதைவிட மோசம். அதைச் சொல்லத்தான் வேண்டும். மாஸ்டர் வாங்கினார். திருப்பப் போனார். கை பாதியில் நின்றது. அப்படியே தரையில் வைத்துக் காலை நுழைத்தார். நான் வாரை ஒட்டினேன்.

நடந்தார். அறையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு. பாரம் பார்த்தேன். திரும்ப நடக்கச் சொன்னேன். நடந்தார். சரியாக இருந்தது. டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டுப் போங்கள் என்றேன். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அது ஒத்துவராது. கையை விடுவித்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

அடுத்தவர் வந்து உட்கார்ந்தார். குடியாத்தத்துக்காரர். காகிதத்தை விரித்துக்கொண்டே வராந்தாவைப் பார்த்தேன். மாஸ்டர் டாக்டரம்மா அறை வாசலில் நின்றார். வாசலில் நோயாளிகள் விட்ட செருப்புகள் குவிந்து கிடந்தன. யாரும் அங்கே கழற்றச் சொல்லவில்லை. "செருப்போடு உள்ளே வரலாம்" என்று பெரிய எழுத்தில் நாங்களே எழுதி ஒட்டியிருக்கிறோம். யாரும் படிப்பதில்லை. டாக்டர் அறைக்குள் செருப்போடு போக யாருக்கும் மனசு வருவதில்லை.

மாஸ்டர் ஒரு கையால் சுவரைப் பிடித்தார். குனிந்து மறு கையால் பின்வாரைப் பிரித்தார். காலைத் தூக்கினார். கீழே சிமெண்டுத் தரை.

"மாஸ்டர்! கழட்டாதீங்க!"

வராந்தா முழுக்கத் திரும்பியது. குடியாத்தத்துக்காரர் பயந்துபோய்க் காலை இழுத்துக்கொண்டார். பென்சில் கோணிக்கொண்டு போயிற்று. மாஸ்டர் ஒற்றைக் காலில் நின்றபடி என்னைப் பார்த்தார்.

"உள்ள டாக்டரம்மா இருக்காங்க தங்கச்சி."

"இருக்கட்டும்! அப்படியே போங்க!"

"மரியாதை இல்லியே."

"போங்க மாஸ்டர்!"

மனைவி குனிந்து வாரை இழுத்து ஒட்டினார். மாஸ்டர் கூச்சத்தோடு வாசற்படியைத் தாண்டினார், செருப்போடு. நான் வேறு காகிதம் எடுத்தேன்.